அம்மன் ஏறிய ஜீப்

மலையில் கூக்கால் வரைதான் பஸ், அங்கேயே திரும்பிவிடும். அங்கிருந்து மண் பாதையில் இன்னும் ஏற வேண்டிய ஊர் எங்களுடையது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது. ராணுவத்தில் கழித்துவிட்ட ஜீப். கதவு கிடையாது, மேலே தார்ப்பாய். மழையில் வெளியே நிற்பவனை விட உள்ளே இருப்பவன்தான் அதிகம் நனைவான். இரண்டாவது கியர் தானாகத் துள்ளி விழுந்துவிடும், முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். நிறுத்தினால் டயருக்குக் கட்டை போட வேண்டும். ஆனால் எவ்வளவு சேறு கிடந்தாலும் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற சின்ன லீவரை இழுத்துவிட்டால் சனியன் ஏறிவிடும். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையில்தான் மாட்டினேன். மேட்டுக் கோயில் அம்மனைத் திருவிழாவுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு வருடம் நல்ல மழை, தூக்கியவர்கள் சறுக்கி விழுந்து எழுந்து வந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போய், ஆத்தா என் வண்டியில் வரட்டும் என்றேன். ஜீப்புக்கு மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். என் மனைவிதான் ஆரத்தி எடுத்தாள். அதன் பிறகு வருடாவருடம் ஆத்தா ஜீப்பில்தான்.

மற்ற நாட்களில் காரட் மூட்டைக்கும் நான், பாம்புக்கடிக்கும் நான், பிள்ளைப்பேற்றுக்கும் நான். வேறு இரண்டு பேர் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேருமே ஓடைக்குள் இறக்கினார்கள். பிறகு யாரும் தொடவில்லை.

இதற்கிடையில் என் மனைவிக்கு மூச்சு இளைப்பு வந்தது. பனி விழுந்தால் ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடப்பாள். இந்தக் குளிரில் இருந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் ஒரு வீடு பிடித்து அவளை இறக்கினேன். இறங்கியதிலிருந்து நன்றாக மூச்சு விடுகிறாள், நன்றாகச் சண்டையும் போடுகிறாள். ஜீப்பை விற்றுவிட்டுக் கீழே வந்து ஒரு மளிகைக்கடை வைப்பதென்று பேச்சு. நான் அவளைப் பார்க்க இறங்கிப் போவேன். சாப்பாட்டில் கை வைத்ததும் மேலேயிருந்து போன் வரும். கையைக் கழுவிவிட்டுத் திரும்புவேன். இப்படியே எத்தனை சோறு ஆறிப்போயிற்றோ.

கடைசியில் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். இந்த மாதிரிப் பழைய ராணுவ வண்டிகளை ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர். அடியில் புகுந்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். எழுந்து வந்தபோது முகமெல்லாம் கிரீஸும் சிரிப்பும். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அப்போது பானட்டில் அப்பியிருந்த குங்குமத்தைப் பார்த்து, இது என்ன என்றார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூசாரி, நான் வாயைத் திறக்கும் முன்னே சொல்லிவிட்டார்.

"அம்மன் ஏறுற வண்டிங்க."

அந்த மனிதர் ஷூவைக் கழற்றினார். பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி வண்டியை வாங்கிப் பாவத்தைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, வந்த வழியே போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு பேரும் அதே கதைதான். பூசாரியை அறையலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது?

சரி, விற்கத்தானே முடியாது, சும்மா கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு மாமன் முறை. ஆத்தா வண்டி ஆத்தாவுக்கே இருக்கட்டும், என்னை விடுங்கள் என்றேன். அவர் சாவியைத் தொடக்கூட இல்லை.

"வண்டிய வச்சு நாங்க என்ன மாப்ள செய்ய? ஓட்ட ஆளு வேணும்ல. மருமக மாசம் நெறஞ்சு கெடக்கா. நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் டவுனுக்கு அனுப்பாம வச்சிருக்கோம்."

திட்டியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். அவர் காபி கொடுத்தார். அந்தப் பெண்ணே கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். என்னைக் கட்டிப்போட்டது ஜீப் இல்லை, இவர்கள்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய? சாவியை மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல் கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க வர வேணாம். நானே மேல வந்துர்றேன்" என்றாள்.

பனி விழத் தொடங்கிவிட்டது, உனக்கு இளைக்குமே என்றேன்.

"இளைச்சா ஆஸ்பத்திரிக்கு எறக்க ஒங்க வண்டி இருக்குல்ல. ஊரே அந்தத் தைரியத்துலதான இருக்கு. நானும் இருந்துட்டுப் போறேன்."

கேலி பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். கூக்கால் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.