பவர் இல்லாத கண்ணாடி

என் மகள் தொலைக்காத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. குடை, டிபன் பாக்ஸ் மூடி, ஒற்றைச் செருப்பு எல்லாம் போயிருக்கின்றன. ஒரு கல்யாண வீட்டில் என்னையே தொலைத்துவிட்டு, அம்மாவைக் காணோம் என்று மைக்கில் சொல்ல வைத்தாள். எதைத் தொலைத்தாலும் நான் தெருவுக்கே கேட்கும்படி திட்டுவேன். ஒரே ஒரு தடவை மட்டும் திட்டவில்லை. வாங்கிய இரண்டாம் வாரமே மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள். போகட்டும் விடு என்றேன். அந்தக் கண்ணாடிக்குப் பவரே கிடையாது. அதை ஏன் வாங்கினோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எங்களுக்கு ராமேஸ்வரத்தில் சங்குக் கடை. சங்கில் பெயர் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒருவர் பெயரில் பாதியையும் பக்கத்தில் நிற்பவர் பெயரில் பாதியையும் ஒரே சங்கில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. என் வீட்டுக்காரர் கோயிலுக்குள் யாத்திரைக்காரர்களுக்குத் தீர்த்தம் இறைத்து ஊற்றுவார். வாளியும் கயிறுமாகக் கிணற்றுக்குக் கிணறு ஓட வேண்டும். நாள் முழுக்க ஈர வேட்டிதான். மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

அரைப்பரீட்சை முடிந்ததும் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் பெண் உட்கார்ந்த இடத்தில் உட்காருவதில்லை, பாடம் நடக்கும்போதே எழுந்து வெளியே போய்விடுகிறாள், கேட்டால் காக்கா கத்தியது, பார்க்கப் போனேன் என்கிறாள் என்று அடுக்கினார். முழுப்பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று முடித்தார். மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே ஒரு ஓணான் மேல் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் வேறு. என்னையும் ஆறாம் வகுப்பில்தான் நிறுத்தினார்கள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்கள் ஊர். இதற்குப் படிப்பு ஏறாது, பராக்குப் பார்க்கவென்றே பிறந்தது என்று வாத்தியார் சொல்ல, என்னைப் பெற்ற அய்யா நாற்று நட அனுப்பிவிட்டார். அங்கேயும் வரிசை விட்டு வரிசை தாவி நட்டு ஏச்சு வாங்கினேன். மண்டையில் ஒன்றும் இல்லாதவள் என்று அவர்கள் சொன்னதை நானும் நம்பித்தான் வளர்ந்தேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். என் மகளும் தன்னைப் பற்றி அப்படியே நம்பிக்கொண்டு சங்குக் கடையில் வந்து உட்காருவாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எப்படியாவது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாக வேண்டும்.

மந்திரித்துக் கயிறு கட்டினோம். கயிற்றையும் தொலைத்துவிட்டு வந்தாள்.

அவளுடைய வகுப்பு டீச்சர் சின்ன வயதுக்காரர். ஒருநாள் கடைக்கு வந்து, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் மனநல டாக்டர் வருகிறார், ஒருதரம் காட்டிப் பாருங்களேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். என் பிள்ளைக்குப் பைத்தியமா என்று நான் எகிறியதில், பாவம், இரண்டடி பின்னால் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி டாக்டர் என்றாலே சங்கிலியில் கட்டிப் போட்ட ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பெண் பிள்ளை வேறு. விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள்? அன்று ராத்திரி சாப்பிடும்போது புலம்பினேன். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கயிறு கட்டியாச்சு. தீர்த்தமும் ஊத்தியாச்சு. இதையும் பாத்துருவோம்" என்றார்.

கிளம்பிய அன்று குழாயடியில் எதிர்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மாதா கோயிலில் அந்த அக்காவின் குரல்தான் ஓங்கிக் கேட்கும். தெருவில் எந்தச் செய்தியும் அவரிடம் ஒரு சாயங்காலத்துக்கு மேல் தங்காது. குடும்பத்தோடு எங்கே என்று கேட்டார். கண்ணுக்குக் காட்டணும்க்கா, போர்டு தெரியமாட்டேங்குதாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மாவட்டம் முழுக்கவும் வந்து உட்கார்ந்த மாதிரி கூட்டம். டாக்டர் ஒரே ஆள், அறையும் ஒன்றுதான். எங்கள் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பொருளைத் தொலைப்பாளா என்று கேட்டார். நானும் தொலைப்பேன் டாக்டர், அதெல்லாம் ஒரு சீக்கா என்றேன். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போவாளா? வீட்டு வேலை என்றால் அப்படித்தானே இருக்கும் என்றேன். அடுத்தவர் பேசி முடிக்கும் முன்பே குறுக்கே, என்று அவர் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள், இல்லவே இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். இதற்குக் கவனக் குறைபாடு என்று பெயர், சோம்பலோ திமிரோ கிடையாது, மக்குத்தனமும் கிடையாது, மூளை வேலை செய்கிற விதம் அப்படி, பெற்றவர்களிடமிருந்தும் வரலாம் என்றபோது என்னைப் பார்த்தார். மக்குத்தனம் கிடையாது என்று எனக்கு ஒருவர் சொல்வது அதுதான் முதல் தடவை. மகளைக் காட்டப் போன இடத்தில் நான் அழுதேன். அவள் அதற்குள் ஜன்னல் கம்பியில் ஏறியிருந்தாள்.

எங்கேயாவது ஒழுங்காக இருப்பாளா என்று டாக்டர் கேட்டார். லீவு நாளில் கோயிலுக்குள் என் பின்னாலேயே வருவாள், ஒரு கிணறு விடமாட்டாள் என்றார் என் வீட்டுக்காரர். கொஞ்ச நேரம் ஒரு வேலை, பிறகு எழுந்து அடுத்த இடம் என்றால் அவளால் முடிகிறது, படிப்பையும் அப்படியே துண்டு துண்டாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். மாத்திரையும் இருக்கிறதாம், ஆனால் அதற்கு மதுரைக்கு அலைய வேண்டும், முதலில் இதைச் செய்து பார்ப்போம் என்றார். கடைசியாக, "எந்திரிச்சுப் போறதத் தடுக்காதீங்க. திரும்பி வரப் பழக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிவிட்டோம். கண்ணுக்குக் காட்டப் போனவர்கள் வெறுங்கண்ணோடு எப்படித் திரும்புவது? பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது என் வீட்டுக்காரர் மகளிடம் திரும்பினார்.

"வீட்ட விட்டுக் கிளம்புறப்ப என்ன சொல்லுவோம்? போயிட்டு வாரேன்னுதான? கிளாஸ்ல எந்திரிக்கிறப்பயும் அதச் சொல்லு. சொல்லிட்டுப் போனா வந்துரணும்."

வகுப்பு டீச்சர் ஒத்துக்கொண்டார். வாசல் ஓரம் முதல் பெஞ்சில் அவளுக்கு இடம் போட்டார். தலைமை ஆசிரியையிடமும் பேசி, முழுப்பரீட்சை வரை பார்ப்போம் என்று அவகாசம் வாங்கிக்கொடுத்தார். முதல் வாரம் அவள் போயிட்டு வாரேன் சொன்ன அளவுக்கு யாரும் வெளியூருக்குக்கூடச் சொல்லிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். வகுப்பே சிரித்ததாம். ஆனால் போனவள் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தாள். வீட்டில் ஒரு கணக்குப் போடுவாள், போயிட்டு வாரேன்மா என்று வாசல் வரை ஓடுவாள், வந்து அடுத்த கணக்கைப் போடுவாள். முழுப்பரீட்சையில் தொட்டும் தொடாமலும் பாஸ். டி.சி. பேச்சை யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லப் போய்விட்டேன். பால் போனது போனதுதான்.

எதிர்வீட்டு அக்காவுக்கு எல்லாம் கண்ணாடியின் மகிமை. போட்டது கொஞ்ச நாள்தான் என்றாலும் பிள்ளை எப்படித் தெளிந்துவிட்டது என்று குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவருடைய கடைக்குட்டி மகளும் என் மகளைப் போலவே வால் முளைக்காத குறைதான். அவளை மதுரைக்கே கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு அடி கூடியது. கண் நல்லாத்தான் இருக்கு, அப்ப இதெல்லாம் திமிருதான் என்பார் அக்கா. பிள்ளை அலறுவது என் கடை வரை கேட்கும். சொல்லிவிடலாம் என்று தினமும் குடத்தை எடுத்துக்கொண்டு போவேன். குழாயடியில் நாலு பேர் நிற்பார்கள். தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்புவேன். ஒரு பக்கம் அந்தப் பிள்ளையின் முதுகு, மறுபக்கம் என் மகளுடைய பேர்.

ஒருநாள் மகளும் கூட வந்தாள். எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாய், அந்த டாக்டரிடமே காட்டிப் பார்க்கிறேன் என்று அக்கா என்னைக் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் என் மகள் குறுக்கே பாய்ந்தாள்.

"அது கண் டாக்டர் இல்ல பெரியம்மா, மனசு டாக்டர். கண்ணாடியில பவரே இல்ல."

தொலைந்தோம், பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா இடுப்பில் இருந்த குடத்தைக் கீழே வைத்தார். என்னைச் சட்டை செய்யாமல் என் மகளிடமே, "அவரு அடிப்பாரா?" என்று கேட்டார். இவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"என்னைக்கு வாராரு அந்த டாக்டரு?"

மகள் இப்போது சென்னையில் நர்ஸ். அவசரப் பிரிவில் வேலை. உட்கார நேரமே இல்லையம்மா என்று போனில் பெருமையாகச் சொல்கிறாள். சாவியை மட்டும் இன்னமும் தொலைக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் பேசியபோது டாக்டர் விஷயத்தை நாங்களே முதலில் சொன்னோம். ஒரு இடம் தட்டிப்போனது. அடுத்த இடம்தான் மருமகன்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தக் குழாயடிப் பேச்சுக்கு அடுத்த வாரத்து பஸ் ஸ்டாப். எதிர்வீட்டு அக்கா தன் பிள்ளையைக் கையில் பிடித்திருந்தார், நான் என் பிள்ளையை. எங்கள் தெருவில் மீன் விற்கிற அம்மாள் கூடையோடு வந்து, "ரெண்டு வீடும் சேந்து எங்க கிளம்பிட்டீக?" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். என் மகள் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.

"பிள்ளைகளுக்கு மனசு ஒரு இடத்துல நிக்கலம்மா. அதுக்கு ஒரு டாக்டர் இருக்காரு. எனக்கும் சேத்துத்தான். போயிட்டு வாரோம்."