எட்டாயிரம் கார்டிலும் குகன்

பழைய கால்பந்து கார்டு விற்கிற தொழிலில் இறங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதை வாங்குகிற ஆள் உலகத்தில் கிடையாது என்பதைத்தான். விற்க நினைக்கிற ஆட்கள் மட்டும் ஏராளம். எல்லோரும் என்னைப்போல நாற்பதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டிலும் கட்டிலுக்குக் கீழே ஏதோ ஒன்று இருக்கும். தபால் முத்திரை, நாணயம், தீப்பெட்டிப் படம், எதுவோ. "ஒரு நாளைக்கு இது நல்ல விலைக்குப் போகும்" என்று வீட்டில் சொல்லியும் வைத்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மை நாமே தேற்றிக்கொள்ளாவிட்டால் வேறு யார் தேற்றப் போகிறார்கள்?

ஒரு சுவர்

லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் ஹீட்டர். மிஞ்சுவது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரோடு இருபது ஐஸ்கிரீம் பெட்டிகள் அடுக்கி நின்றன. உள்ளே நான் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை சேர்த்த கால்பந்து கார்டுகள், கிட்டத்தட்ட எட்டாயிரம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பேப்பர் கடையில் வாங்கிய பாக்கெட்டுகளில் வந்தவை. முன்பக்கம் விளையாட்டுக்காரரின் படம், பின்பக்கம் அவர் அடித்த கோல். என்னிடம் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கோல் அடிக்காதவர்கள்.

சுதாவும் நானும் கலியாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்தது. அவள் அளவு நாடாவோடு அந்த அறைக்குள் போய், தொட்டில் வைக்கக்கூடிய இடம் அந்தச் சுவர் மட்டும்தான் என்று கண்டுபிடித்தாள். நான் விலை ஏறும் கதையை ஆரம்பித்தேன். அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "பிள்ளை வரமுதல் எனக்கு இந்தச் சுவர் வேணும். கார்டு வெளியில போகுதோ, நீங்கள் வெளியில போறியளோ, அதை நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ."

அம்மாவின் சட்டம்

விற்பனைக்கு முன் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எட்டாயிரம் கார்டின் பின்பக்கத்திலும், கீழே உள்ள வெள்ளைப் பட்டையின் வலது ஓரத்தில், நீலப் பேனாவால் "குகன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த மூக்குப்பேணியிலிருந்து தோசைத்தட்டுவரை எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். லண்டனுக்கு வந்தும் அவர் அதை விடவில்லை. வீட்டுக்குள் வருகிற எந்தச் சாமானிலும் பெயர் ஏற வேண்டும். ஒரு முறை குடையின் உள்பக்கத்தில் அப்பாவின் பெயரைப் பார்த்தேன்.

கார்டில் எழுதும் வேலை வதனி அக்காவுக்குப் போனது. எனக்கு ஆறு, அவளுக்குப் பத்து. வந்த முதல் வருடம் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒருவரும் பேசவில்லை. இங்கிலீஷ் வராது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் கார்டுகளில் என் பெயரை எழுதுவாள். முதல் பெட்டியில் எழுத்தெல்லாம் கோணல். ஐந்தாவது பெட்டியில் கூட்டெழுத்து. பத்தாவது பெட்டியில் எங்கள் ஆசிரியையே அப்படி எழுதமாட்டார். அவள் இங்கிலீஷ் எழுதப் பழகியதே என் பெயரில்தான் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

இப்போது அக்கா லண்டனின் மறுகோடியில், குட்மேய்ஸில் இருக்கிறாள், கவுன்சிலில் வேலை. அவளுக்குச் சொல்லாமல் விற்பதென்று முடிவெடுத்தேன். கேட்டால் மறுக்கமாட்டாள், உடனே "வித்துப்போடு" என்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் மட்டும் போனில், பெயர் இல்லாவிட்டால் சுலபமாக விற்கலாம் என்று முனகினேன். அம்மா அசையவில்லை. "பேர் எழுதாத சாமான் ஊரின்ர சாமான். இவ்வளவு காலமும் ஒரு கார்டாவது துலைஞ்சதே?"

நிபுணர்

முதலில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராமில் ஏறி, இந்த மாதிரிக் கார்டுகள் வாங்கி விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். நான் உடனே மனதுக்குள் விலையை ஏற்றினேன். பெட்டியைத் திறந்ததும் அவர் மூக்கைச் சுருக்கினார். ஐஸ்கிரீமுக்கும் கார்டுக்கும் இடையில் அந்தப் பெட்டி கொஞ்சக் காலம் அம்மாவின் மிளகாய்த்தூளுக்கு வீடாக இருந்தது. ஒரு கார்டைப் புரட்டினார், குகன். இன்னொன்றைப் புரட்டினார், குகன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார்.

அந்த வருடங்களில் எல்லாப் பிள்ளைகளும் இதே கார்டுகளைத்தான் வாங்கினார்கள், எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதனால் பெயர் இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் வராது என்று பொறுமையாக விளக்கினார். நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அனுதாபத்தோடு தலையாட்டினார். "ஒரு பொருளுக்கு விலை வர வேண்டுமென்றால் அம்மாக்கள் அதைக் குப்பையில் போட வேண்டும், ஐயா. உங்கள் அம்மா தன் கடமையைச் செய்யவில்லை."

கையெழுத்து

அடுத்தது இணையம். நேர்மையாக விற்பதென்று, ஒரு பளபளப்பான கார்டைப் படம்பிடித்துப் போட்டு, "பின்பக்கத்தில் பேனாவால் பெயர் உண்டு" என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து ஒருவர் வாங்கிவிட்டார். சுதாவுக்கு முன்னால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

நாலாம் நாள் அவரிடமிருந்து செய்தி. பெயர் என்றதும் விளையாட்டுக்காரரின் கையெழுத்து என்று நம்பியிருக்கிறார். பாவம், கோபப்படவில்லை, இரண்டு நாள் தேடியிருக்கிறார். நானும் உள்ளதைச் சொன்னேன். குகன் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது அணிக்கு இரண்டு ஆட்டம் கோல்கீப்பராக நின்றவர், ஒன்பது கோல் விட்டவர். கார்டு மறு தபாலில் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "குகன் அவர்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். எங்கள் ஊர் அணிக்கு அவர் பொருத்தமாக இருந்திருப்பார்."

ஹவுன்ஸ்லோ சந்தை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை ஒன்று ஹவுன்ஸ்லோப் பக்கம் நடக்கும். பன்னிரண்டு பெட்டிகளோடு போய் நின்றேன். இரண்டு மணி நேரம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் காரில் உடைந்த டோஸ்டர்கூடப் போய்விட்டது.

கடைசியில் எங்கள் ஆட்கள் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அந்த அம்மா ஒரு பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார், திருப்பினார், தட்டிப் பார்த்தார். மகிழ்ந்துபோய் நான் ஒவ்வொரு அணியாக விளக்க ஆரம்பித்தேன். கணவர் நான் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, குறை நினையாதேங்கோ. கார்டுகளை நீங்களே வைச்சிருங்கோ. இப்ப இப்பிடி இறுக்கமான மூடியோட பெட்டி எங்க கிடைக்குது? இவவுக்கு மீன் குழம்பு பிரீசரில வைக்க இது பன்னிரண்டும் வேணும்."

பினாங்கு நட்பு

கார்டுகள் இப்போது கடைப் பைகளுக்குள். இனி விற்பதில்லை, சும்மா கொடுப்பது என்று இறங்கி வந்தேன். என் அலுவலகத்தில் சிவநேசன் என்று ஒரு நண்பர், பினாங்கிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கு இரண்டு மகன்கள். ஒரு பெரிய பையைக் கொடுத்தேன். கண் கலங்காத குறையாக வாங்கிக்கொண்டார். சும்மா கொடுப்பதில் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே வியப்பு.

திங்கட்கிழமை அவர் என் மேசையில் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்தார். அவர் சின்ன வயதில் சேர்த்த முத்திரைகள். மேலே என் பையும் இருந்தது, மகன்களுக்குக் கால்பந்து பிடிக்காதாம். நான் வாயைத் திறப்பதற்குள் தோளில் தட்டினார்: "என்னா லா குகன், நீங்க மனசு வந்து குடுத்தீங்க, நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? என் வொய்ஃபுக்கும் ரொம்ப சந்தோசம்."

பாவம்

எங்கள் தெருவில் பிலோமினா அக்கா இருக்கிறார். மன்னார்க்காரர். அவருடைய பங்குக் கோவிலில் வருடாவருடம் பழைய சாமான் விற்கும் பசார் ஒன்று நடக்கும், எதைக் கொடுத்தாலும் வாங்குவார்கள். நாலு பை கொடுத்தேன். பிள்ளைகள் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தேன். முதல் முறையாகச் சுவர் பாதிக்கு மேல் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் எனக்கு என்னவோ சாப்பாடு இறங்கவில்லை. கோணல் எழுத்து இருந்த முதல் பெட்டிக் கார்டுகளும் அந்தப் பைகளில்தான் போயிருந்தன.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு பிலோமினா அக்கா கதவைத் தட்டினார். கையில் நாலு பையும். பிள்ளைகள் ஆசையாய் எடுத்தார்களாம், பின்பக்கம் புரட்டினார்களாம், திரும்ப வைத்துவிட்டார்களாம். இரண்டு பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக, தாய்மார் காதைப் பிடித்துக் கூட்டிவந்து திருப்பிக் கொடுக்க வைத்தார்களாம். சும்மா கொடுத்ததுதானே அக்கா என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "ஒருத்தரின்ர பேர் எழுதிக் கிடக்கிற சாமானை ஆர் தம்பி எடுப்பினம்? பாவமெல்லே." பைகளை வாங்கி உள்ளே வைத்தபோது எனக்கு வந்தது நிம்மதிதான் என்பதைச் சுதாவிடம் சொல்லவில்லை.

புது முதலாளி

பிள்ளை, டாக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு கிழமை முன்னாலேயே வந்துவிட்டாள். ஐஸ்கிரீம் பெட்டிகள் போனதில் ஒரு நன்மை. பைகள் வளையும், நெளியும். மிச்சப் பெட்டிகளையும் பைகளில் கொட்டி, எல்லாவற்றையும் தொட்டிலுக்கு அடியில் திணித்தேன். சுவரும் கிடைத்தது, தொட்டிலும் நின்றது. சுதா குனிய முடியாத நிலையில் இருந்ததால் விசாரணை தள்ளிப்போனது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அக்கா குட்மேய்ஸிலிருந்து பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத் தண்ணியும் சுறா வறையும் கொண்டு வந்தாள். பிள்ளையின் காலுறை ஒன்று கழன்று விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவேயில்லை. ஒரு பையை இழுத்துத் தரையில் உட்கார்ந்து, கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினாள். கோணல் எழுத்துக் கார்டுகள் வந்தன. அவற்றை மட்டும் தனியாக வரிசையாக வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடை, ஸ்கொட்லாந்து, சந்தை, முத்திரை, கோவில். உன்னைக் கேட்காமல் விற்கப் பார்த்தேன், மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்தாள், அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். "விக்கப் பாத்தனியோ? எப்பிடிப் போகும்? நான் எல்லே எழுதினது."

பிறகு கைப்பையிலிருந்து பேனையை எடுத்தாள். நீலம். "பிள்ளைக்கு என்ன பேர்?" என்றாள். அதுதான் வீட்டில் பெரிய சிக்கல். இரண்டு வீட்டு ஆட்களும் பட்டியல் அனுப்பி, நாங்கள் இருவரும் சண்டைபிடித்து, ஒன்பது நாளாகியும் ஒன்றும் முடிவாகவில்லை. "பேனை திறந்திட்டன், காயப்போகுது, சொல்லுங்கோ" என்று அக்கா அதட்டினாள். பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து சுதா "ஆதிரை" என்றாள். நான் வேறு பெயர் யோசித்து வைத்திருந்தேன், ஆனால் அக்கா ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டாள். முதல் கார்டில், கோணலாய்க் கிடந்த குகனுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில், அழகான கூட்டெழுத்தில் ஆதிரை. வாசித்தால் ஆதிரை குகன். எங்கள் ஆட்களில் பிள்ளையின் முழுப்பெயர் அப்படித்தானே எழுதுவது. அக்கா அடுத்த கார்டை எடுத்தாள். "தகப்பன்ர பேர் ஏற்கெனவே கிடக்குது. இந்த முறை எனக்குப் பாதி வேலை மிச்சம்."

ஆக, நாலு மாத வியாபாரத்தில் என் கையை விட்டுப் போனவை பன்னிரண்டு ஐஸ்கிரீம் பெட்டிகள் மட்டும், வந்து சேர்ந்தவை இரண்டு பெட்டி முத்திரையும், கார்டுகளுக்கு இன்னும் கழுத்து நிற்காத ஒரு புது முதலாளியம்மாவும்.