பெரட்டுக் களத்தில் என் முதல் புரோகிராம்

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் பார்த்துக்கொண்டிருந்த தட்டச்சுக் கடை வேலையை விட்டேன். லகாட்டில் ஒரு வாடகை அறை, ஒரு பழைய கணினி, எட்டு மாதம். தனியாளாக ஒரு புரோகிராம் எழுதினேன். என்ன தொழில் என்று யாராவது கேட்டால் எரிந்து விழுவேன்.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். வராதவர்களுடைய நிரை என்னும் மர வரிசைகளை வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பிரிப்பை என் புரோகிராம் இரண்டு நிமிடத்தில் செய்து அச்சடித்துத் தரும். கோலா கங்சார் பக்கம் நான் பிறந்த தோட்டத்திலேயே, மேனேஜர் மூன்று நாள் காலையில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். பிடித்தால் வாங்குவார். பிடிக்காவிட்டால், வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்த கடை முதலாளியிடமே நான் போய் நிற்க வேண்டும்.

முதல் நாள் காலை பதினோரு பேர் வரவில்லை. பிரிண்டர் கரகரவென்று பட்டியலைத் துப்பியது. கிராணி வாசிக்க வாசிக்கச் சலசலப்பு, பிறகு சிரிப்பு.

"ஏண்டா, என்னை மேட்டுக்கும் என் வீட்டுக்காரரப் பள்ளத்துக்கும் அனுப்புது. ஒன் பொட்டிக்கு இன்னும் கல்யாணம் ஆகலியா?" என்றாள் ஒருத்தி. தோட்டப் பள்ளியில் என்னோடு ஆறாம் வகுப்புவரை படித்தவள்.

"பொட்டிக்கு எங்கலா கல்யாணம்? அதத் தூக்கிக்கிட்டு அலையிறவனுக்கே ஆகல!" என்றது பின்வரிசை.

"நம்பர் பிரகாரம் கிட்ட இருக்கிற நெரையத்தான் குடுத்திருக்கு!" என்று கத்தினேன்.

"கிட்டவா? நடுவுல ஓடை போவுதுடா. நீ குளிச்ச ஓடைதான்."

புருஷனும் பெண்சாதியும் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டுவார்கள், அதாவது பால் வடியப் பட்டையைக் கீறுவார்கள். பால் எடுக்கும்போது அவள் வாளியையும் அவன் சேர்த்துச் சுமப்பான். என் அப்பாவும் அம்மாவும் அப்படிச் சுமந்ததைத் தின்றுதான் வளர்ந்தேன். எட்டு மாதத்தில் ஒருதடவைகூட அது நினைவுக்கு வரவில்லை. ஆளுக்கு ஓர் எண், நிரைக்கு ஓர் எண். மடையன்.

என்னோடு படித்த அவள் பட்டியலைத் தொடவே இல்லை. வரிசையை ஒருமுறை கண்ணால் அளந்தாள்.

"அக்கா, கைப்புள்ளக்காரி நீங்க, புள்ளைய வுட்டிருக்கிற ஆயக்கொட்டகைப் பக்கம் போங்க. அண்ணே, அந்தப் பட்டைக்கு ஒங்க கைதான் ஆகும். இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல, சேத்து வுட்டா பால் வாளிக்குள்ளயே ஒறஞ்சிடும்லா."

பதினோரு இடமும் நிரம்பிவிட்டது. என் பிரிண்டர் சூடுகூட ஆறவில்லை. எண்பது ஆட்களின் ஜோடி, குழந்தை, பகை, முட்டி வலி, ஒவ்வொரு நிரையின் பட்டை, எல்லாம் அந்த ஒரு தலைக்குள் இருந்தது. ஈப்போ சுண்ணாம்பு மலைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் கங்காணி அவளைக் கேட்டுத்தான் ஆள் பிரித்தாராம். என் பட்டியலில் அவள் வெறும் எண் நாற்பத்தேழு.

இரண்டாம் காலை புரோகிராமை ஓட்டவில்லை. மதியம் பால் எடை போட்டு முடிந்ததும் அவளிடம் போய், "எல்லாத்தையும் சொல்லு, எழுதிக்கிறேன்" என்றேன்.

"என் தலையப் பொட்டிக்குள்ள போட்டுட்டு என்னையத் தூக்கிருவீங்களா?"

நியாயமான கேள்வி. "நீ பாத்து சரின்னு சொன்னாத்தான் பட்டியல் அச்சாகும். அப்படியே எழுதுறேன்" என்றேன். அப்புறம்தான் வாய் திறந்தாள். நான் விடியவிடிய எழுதினேன்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "மரம் வெட்டுறவ சொல்லித்தான் மெஷின் ஓடணுமா? அத எடுத்துடு" என்றார்.

"எடுத்தா இது குப்பை சார். குப்பைய நான் விக்கல."

மூன்றாம் காலை ஜோடிகள் சேர்ந்திருந்தன, ஓடையை யாரும் தாண்டவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். "இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல போடு."

"பேசிக்கமாட்டாங்கன்னு நீதானே சொன்ன?"

"நேத்து வரைக்கும்லா."

மாற்றினேன். அவளே பொத்தானை அழுத்தினாள். கிராணி வாசித்து முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. வாளிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். வெறுமையான களத்தைப் பார்த்தபடி மேனேஜர், "சரி, வாங்கிக்கிறேன்" என்றார்.

இரவுக்குள் அவர்கள் ராசியானது அந்த இருட்டில் அவளுக்கு எப்படித் தெரிந்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.