மருமகளை அனுப்பிவைத்த பாத்திரங்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது நான்கு, நாத்தனார் மகனையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. பொழிச்சலூரில் மூத்த மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன்.

மருமகள் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கினாள். இனிமேல் காலை நீட்டி டி.வி. பார்ப்பாள் என்று நினைத்தோம். அவளோ, தான்சானியா என்ற நாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்று வந்து நின்றாள். ஆறு மாதம். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து, புது நர்ஸுகளுக்கும் சொல்லித் தர வேண்டுமாம். சம்பளம் கிடையாது. வருகிறாளா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும்.

"அம்மாவ யாரு பாத்துப்பா?" என்றான் மகன். அதற்குள் தலைக்கு மேல் விமானம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் விமானம் போகும்வரை சண்டையை நிறுத்திவைப்பது வழக்கம். அது போனதும், "அம்மாவ யாரு பாத்துப்பா?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அவன் 'அம்மா' என்று சொன்னதில் பாதி அவனையேதான். மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸை ஒரு நாளும் விடாதவன், வீட்டில் காபித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பான்.

உண்மையைச் சொன்னால், அவள் போவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் என்னைச் சாக்கு வைத்து இன்னொருத்தன் அவளைத் தடுப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. நான் என்ன, தண்ணீர் காட்ட ஆள் வேண்டிய மாடா?

"பத்து நாள் படப்பைல உங்க அக்கா வீட்டுக்குப் போ. நான் சமாளிக்கிறேனான்னு பாத்துட்டு பதில் எழுது" என்றேன் மருமகளிடம்.

"அத்தை, நீங்க கேஸ மூட மறந்துடுவீங்க."

"உன்ன பொண்ணு பாக்க வந்தப்ப நீ போட்ட உப்பு காபியவே இன்னும் மறக்கல. போடி."

போனாள். முதல் நாள் மத்தியானமே எதிர்வீட்டுக்காரி ஒரு தூக்கில் சாம்பாரோடு வந்தாள். "ஜாஸ்தி வச்சிட்டேன் ஆயா." அடுத்து முனைவீட்டுப் பொரியல். பிறகு மாடியில் குடியிருக்கும் தையல்காரி: "இன்னா ஆயா, துன்னியா? வத்தக்கொழம்பு கீது, வச்சிக்கோ." மறுநாளும் இதே ஊர்வலம். தையல்காரியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"யாருடி அனுப்பிச்சது?"

"உன் புள்ளதான் ஆயா. தெரு பூரா போன் பண்ணிகினு கீறாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

எனக்குக் கோபம்தான். ஆனாலும், வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தந்து எனக்குப் பழக்கமில்லை. சாம்பார்த் தூக்கில் ரவா லட்டு போட்டேன். பொரியல் கிண்ணத்தில் கீரை வடை. வத்தக்குழம்பு ஏனத்தில் என் பூண்டுக் குழம்பு. அவர்களும் மானமுள்ள குடும்பம், விடுவார்களா? பாத்திரம் மறுநாள் நிறைந்தே வந்தது, நானும் நிரப்பியே அனுப்பினேன். ஆறாம் நாள் வந்த பாத்திரங்கள் காலி. "ஆயா, அந்தப் பூண்டுக் கொழம்பு இன்னொரு தபா வைப்பியா? எங்க வூட்டுக்காரரு கேக்குறாரு" என்று கேட்டு வந்தவை அவை. உட்கார்ந்து உட்கார்ந்து, மெதுவாகத்தான் செய்தேன். ஆனால் மூன்று வீட்டுக்கும் சேர்த்துச் செய்தேன்.

பத்தாம் நாள் மருமகள் பையோடு உள்ளே நுழைந்தபோது மகனும் வீட்டில் இருந்தான். எதிர்வீட்டுக்காரி தூக்கு வாங்க வந்திருந்தாள்.

"அக்கா, ஒங்க மாமியாருக்கு சோறு குடுன்னு அண்ணன் சொன்னாரு. நாலஞ்சு நாளா எங்க வூட்ல கொழம்பே வைக்கல. இவங்கதான் எங்களுக்குப் போடறாங்க."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான். அன்று சாயங்காலமே அவள் வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டாள்.

அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. நேற்று பேசினாள். அங்கே முதல் பிரசவமே இரட்டைக் குழந்தையாம். இங்கிருந்து கேட்கும்போதே அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. "அத்தை, சாப்டீங்களா?" என்றாள். "எங்கள விடு, தாய்க்காரிங்க சாப்ட்டாங்களா பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பேத்தி ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். இங்க வாடி கண்ணு. பாட்டி எழுதியிருக்கிற இத, கையெழுத்தப் பாத்து சிரிக்காம முதல்லேர்ந்து வாசி. கொஞ்சம் சத்தமாவே வாசி, உங்க அப்பா பக்கத்து ரூம்லதான் இருக்கான்.