கடைசிக் காவல் ரெய்லீன்

பாலைவனத்து நடுவில் இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ரெய்லீன் ட்ரெகென்சாவைத் தெரியாத நாய் கிடையாது. முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிக்கிறவள். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். எந்த வீட்டில் எந்த நாய், அது எந்தக் காலைக் கவ்வும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். போர்ட் அகஸ்டாவில் ரயில்வேக்காரர் ஒருவரின் கடைசி மகளாகப் பிறந்தவள், அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இரண்டு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று இருபத்து மூன்று வயதில் இங்கே வந்தாள். இப்போது வயது அறுபத்தொன்று. அந்த இரண்டு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

இங்கேயே டயர் கடை மெர்வைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகனைப் பெற்று வளர்த்து டார்வினுக்கு அனுப்பினாள், பகலெல்லாம் வெயிலில் நடந்தாள். நடந்து அலுத்தவள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாள்? காலை நீட்டிப் படுப்பாள் என்று நினைத்தால் உங்களுக்கு ரெய்லீனைத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் நடப்பாள்.

இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் ஊருக்கு மேற்கே சிவப்பு மலைகளில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கும். விரல் மரத்துப்போகிற குளிரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்கு வருகிறவருக்குக் கைதட்டல் உண்டு, பட்டியலில் பெயர் கிடையாது. அந்த ஓட்டத்தில் பதினான்கு வருஷம் ரெய்லீன்தான் கடைசிக் காவல். அதாவது, கடைசியாக வருகிறவருக்கும் பின்னால் வருகிறவள். வழி காட்டக் கட்டியிருக்கும் நீல ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பைக்குள் போட வேண்டும், ஓடியவர்கள் போட்டுவிட்டுப் போன மிட்டாய்த் தாளைப் பொறுக்க வேண்டும், யாரும் மலையில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எவரையும் முந்தக் கூடாது. இதற்கு மேல் அவளாக ஒரு விதி வைத்திருந்தாள். கடைசி ஆளுக்கு முப்பது அடி தள்ளியேதான் வருவாள். பக்கத்தில் வந்தால் மனிதர்களுக்கு விரட்டுகிற மாதிரி இருக்குமாம். எனக்குத் தெரிந்து அந்தப் பெரிய மனசு வேறு எந்தக் காவலுக்கும் கிடையாது.

அதே நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். அதே உருளும் கல், அதே முள்ளாய்க் குத்துகிற ஸ்பினிஃபெக்ஸ் புல். பதினான்கு வருஷம் அத்தனையும் கடந்தும் பட்டியலில் அவள் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அவளும் அதைப் பற்றி நினைத்ததில்லை. போன வருஷம் சிட்னிக்காரர் ஒருவர் வாயைத் திறக்கிற வரைக்கும்.

"நீங்க எத்தன மணிக்கு முடிச்சீங்க?" என்று கேட்டார் அவர், முடிவுக் கோட்டைத் தாண்டி வந்து உட்கார்ந்த இடத்தில்.

"நான் ஓட்டத்துல இல்லைங்க. பின்னாடி ரிப்பன் அவுத்துக்கிட்டு வருவேன்."

"ஓ, குப்ப பொறுக்கறவங்களா? நல்ல சேவைங்க."

அவர் கெட்டவர் இல்லை. மனசாரத்தான் பாராட்டினார். ரெய்லீனும் சிரித்துக்கொண்டுதான் நகர்ந்தாள். ஆனால் வீட்டுக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

"அந்தத் தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மெர்வ் கேட்டான்.

"அடுத்த வருஷம் நான் ஓடப் போறேன்."

"வருஷா வருஷம் அதத்தான பண்ற?"

"இல்ல மெர்வ். நெஞ்சுல நம்பரக் குத்திக்கிட்டு ஓடப் போறேன். அஞ்சு மணிக்குள்ள வந்து பட்டியல்ல பேரு போட வெக்கிறேன். குப்ப பொறுக்கறவளாம்."

ஓட்டத்தை நடத்துகிற நெவில், நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பார். அவரே, அவள் ஓடப் பெயர் கொடுத்ததும், ஆச்சரியத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு கடைசிக் காவலுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் பிரையோனியைப் பிடித்தார். ரெய்லீன் ஒரு வருஷம் முழுக்க மீட்டருக்கு மீட்டர் ஓடியே போனாள். பழகிய நாய்களே குழம்பிப்போய்க் குரைத்தன.

அந்த நாளும் வந்தது. எண்பத்தாறு பேர் கிளம்பினார்கள். ரெய்லீன் அவசரப்படவில்லை. எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எந்தப் பள்ளத்தில் கணுக்கால் மடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இருபத்தாறாவது கிலோமீட்டரில் தண்ணீர் பிடிக்கும்போது மணி பன்னிரண்டு. இதே வேகத்தில் போனால் நாலரைக்கே போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டாள்.

அங்கிருந்து கிளம்பின கொஞ்ச நேரத்தில் முன்னால் ஒரு மனிதர் தென்பட்டார். ஃபெர்கஸ் என்ற மெல்பர்ன் வக்கீல். இரண்டு கையிலும் ஊன்றுகோல், இடது முழங்கால் மக்கர். பாதை நல்ல அகலம். இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ரெய்லீனின் கால்கள் என்ன செய்தன தெரியுமா? முப்பது அடி தள்ளித் தாமாகவே வேகத்தைக் குறைத்தன. அவளுக்கு அது தெரியவே இல்லை. பதினான்கு வருஷப் பழக்கம், நொண்டுகிற முதுகு ஒன்று கண்ணில் பட்டதும் வேலைக்கு வந்துவிட்டது. ஏறினார்கள், இறங்கினார்கள், ஒரு வறண்ட ஓடையைக் கடந்தார்கள். அவர் நின்றால் இவளும் நின்றாள்.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் பசி எடுத்தது. ஜெல்லி மிட்டாய் எடுக்க இடது பைக்குள் கையை விட்டாள். மிட்டாய் வரவில்லை. கை நிறைய நீல ரிப்பன் வந்தது.

ரெய்லீன் அப்படியே நின்றுவிட்டாள். எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது. கால்தான் வேலைக்கு வந்தது என்றால் கையும் வந்திருக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு வழியையே அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் வர வேண்டும். அந்த ஓடை மூன்றாகப் பிரிகிற இடம் அவளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதில் இரண்டு கிளைகள் ஏறவும் இறங்கவும் முடியாத பாறை இடுக்கில் போய் முடிகிறவை. பிரையோனிக்கோ இதுதான் முதல் வருஷம்.

மணி பன்னிரண்டே முக்கால் ஆகப் போகிறது. முன்னால் போனால் பட்டியல், பின்னால் போனால் என்ன ஆகும் என்று தெரியாது. அவள் யோசித்தாள், யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு முழு வருஷம் கண் முன்னால் வந்து நின்றது. பிறகு தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினாள். ஒவ்வொரு மரக்கிளையாகத் தேடி, அவிழ்த்த இடத்திலேயே மறுபடியும் கட்டினாள்.

பத்தொன்பதாவது ரிப்பனைக் கட்டும்போது ஓடை முனையில் குரல் கேட்டது. அடிலெய்டிலிருந்து வந்த அக்காவும் தங்கையும் ஒரு பாறையின் இரண்டு முனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கிளையில் போவது என்று சண்டை. பிரையோனி கையில் வாக்கி டாக்கியோடு நடுவில் நின்றாள்.

"ரெய்லீன், நீங்க எங்க இங்க?" என்றாள் பிரையோனி. "ரிப்பன் ஒண்ணையும் காணோம். ஒட்டகம் வந்து தின்னிருக்கும்னு நெவில் சொல்றாரு. வழி தெரியாம நகர வேணாம்னு இவங்கள இருபத்தஞ்சு நிமிஷமா உக்கார வெச்சிருக்கேன்."

மலையில் மேய்கிற ஒட்டகங்களின் தலையில் எதைக் கட்டினாலும் இந்த ஊர் நம்பிவிடும். ரெய்லீனுக்கும் ஒரு நொடி ஆசை வந்தது.

"ஒட்டகம் இல்ல. நான்தான்," என்றாள். "பழக்க தோஷம். கழட்டினதே தெரியல. இப்பத் திரும்பக் கட்டிக்கிட்டே வந்தேன். அதக் குடு, நெவில்கிட்ட நான் பேசறேன்."

பிரையோனி வாக்கி டாக்கியை நீட்டினாள். நெவில் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் அரை மணி நேரம் கூடக் குடு நெவில். தப்பு என்னோடது," என்றாள் ரெய்லீன்.

"குடுக்கறேன். உனக்கும் சேத்தே குடுக்கறேன். திரும்பி வந்து கட்டியிருக்கியே."

"கழட்டினவளுக்கு எதுக்கு? எனக்கு அஞ்சு மணிதான்."

அக்காக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, நாங்க ஒட்டகத்தத் திட்டினதெல்லாம் அப்ப உங்களையா?"

"ஆமா. நல்லாத் திட்டினீங்களா?"

"தங்கச்சிதான் ரொம்ப."

எல்லோரும் கிளம்பினார்கள். அக்காவும் தங்கையும் முன்னால், ரெய்லீன் முப்பது அடி பின்னால். பிரையோனி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன பண்றீங்க? கடைசியில வர்றது இன்னிக்கி என் வேல. அதுல கை வெக்காதீங்க. அவங்களத் தாண்டிப் போங்க."

மணி ஒன்றே கால். மூன்றே முக்கால் மணி நேரம் இருந்தது, பதினெட்டரைக் கிலோமீட்டர் இருந்தது. ரெய்லீன் ஓடினாள். ஏற்றத்தில் கையை முழங்காலில் ஊன்றி ஏறினாள், இறக்கத்தில் கல்லோடு கல்லாகச் சறுக்கினாள். ஒரு இடத்தில் ஸ்பினிஃபெக்ஸில் விழுந்து முழங்கை முழுக்க முள் ஏறியது. பிடுங்க நேரமில்லை. மத்தியான வெயிலில் காய்ந்த சிவப்புப் பாறைமேல் ஒவ்வொரு அடியும் அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் அவளைக் காப்பாற்றியது. அறுபத்தொரு வயதில் அன்றைக்கு அவள் ஓடியதை, பாதையோரம் தண்ணீர் கொடுக்க நின்றிருந்த நான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

கடைசி முகட்டில் ஏறியபோது கீழே கூடாரம் தெரிந்தது. மணி நாலு ஐம்பது. பாதையில், கூடாரத்துக்கும் அவளுக்கும் நடுவில், இரண்டு ஊன்றுகோல்.

ஃபெர்கஸ் நொண்டிக்கொண்டு போனார். முப்பது அடி வந்ததும் ரெய்லீனின் கால்கள் மறுபடியும் குறைந்தன. இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கால் கேட்கவில்லை. தொடையில் ஓங்கி ஒரு அறை விட்டாள். இன்னொன்று விட்டாள். கால் நகர்ந்தது. இருபது அடி, பத்து அடி, அவர் முதுகில் உப்புப் பூத்த வேர்வை தெரிந்தது, பிறகு அவர் காது தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

"யாரு, நீங்களா?" என்றார் அவர். "மத்தியானம் முதுகுக்குப் பின்னாடியே வந்துக்கிட்டு இருந்தீங்களே. அப்பவே போயிருக்கலாம். உங்க காலடிச் சத்தத்துல எனக்குக் கடுப்பே வந்திருச்சு. போங்க, போய்த் தொலைங்க."

ரெய்லீன் போனாள். நாலு ஐம்பத்தேழுக்குக் கோட்டைத் தாண்டினாள். நெவில் மணியைப் பார்த்தார், தன் கையாலேயே பெயரை எழுதினார், ட்ரெகென்சா என்பதில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல். பின்னாலேயே நாலு ஐம்பத்தொன்பதுக்கு ஃபெர்கஸ் வந்தார். ஐந்து இருபத்தைந்துக்கு அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் பெயர் விழுந்தது.

வந்து சேர்ந்தவர்களுக்காக அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்த சாசேஜை மெர்வ் அப்படியே விட்டுவிட்டு வந்தான். ரெய்லீன் தரையில் உட்கார்ந்து முழங்கையில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் செம்மண், கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு ஈரம்.

"எத்தனாவது?" என்று கேட்டான்.

"எம்பத்தாறுல எம்பத்து மூணாவது."

"அப்ப மூணு பேர முந்தியிருக்கியா?"

"அக்கா தங்கச்சியச் சேத்துக்காத. அவங்க என்னாலதான் நின்னாங்க." முள்ளை விட்டுவிட்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒருத்தர். அந்த வக்கீலு. காலு நொண்டிதான். ஆனாலும் அவர நான் முந்தினேன் மெர்வ்."