ஐம்பத்தெட்டு கிலோ

அந்த ஹோமியோபதி கிளினிக்கில் நோயாளிகளின் அட்டைகளைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் அட்டையம்மா என்றே கூப்பிடுவார்கள். பதினோரு வருஷ வேலை. அந்த அட்டைகளைத் தொட்டாலே அவளுக்குக் குமட்டும். டீக்கறை, எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் கோழி கிண்டின மாதிரி டாக்டரின் கையெழுத்து. தாகம் எப்படி, வெயில் பிடிக்குமா, கனவில் தண்ணீர் வருமா என்று முக்கால் மணி நேரம் துருவித் துருவிக் கேட்பார். எழுதுவதென்னவோ ஒன்றரை வரி. அடுத்த தடவை அதுவும் கிடையாது, ‘பரவாயில்லை’ என்று ஒரே சொல். பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும்.

போன வருஷம் கிளினிக்கை நடத்தும் டிரஸ்டின் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவுகளின் தரத்தை உயர்த்த வேண்டுமாம். காலிக் கட்டம் இருந்தால் மதிப்பெண் குறையுமாம். இனியாவது மனுஷன் ஒழுங்காக எழுதுவார் என்று அட்டையம்மா சந்தோஷப்பட்டாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்களே, அதுதான். டாக்டர் பேனாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“எடை மெஷின் ரிப்பேராகிக் கிடக்கே டாக்டர், எடைக் கட்டத்துல என்ன எழுதறது?”

“போன தடவை என்ன இருக்கோ அதையே போடும்மா. வளர்ந்தவங்களுக்கு எடை எங்க ஓடிப்போயிடப் போகுது?”

போட்டாள். முதல் நாள் கை கூசியது. ஒரு வாரத்தில் கூச்சம் விட்டுப்போனது. ஆய்வுக்கு வந்தவர்கள் நிறைந்த கட்டங்களைப் புரட்டிப் பார்த்து, பலே என்றார்கள். அவர்கள் கொடுத்த பாராட்டுக் கடிதத்தை டாக்டர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். சுவருக்காவது வெட்கம் இருந்திருக்கலாம்.

வயிற்று எரிச்சலுக்காக மாதம் தவறாமல் ஒரு தையல்காரம்மா புருஷனோடு வருவாள். வழக்கம்போல அட்டையம்மா குனிந்தபடி எடைக் கட்டத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதப் போனாள். எதிரே நீண்ட கையில் கடிகாரம் முழங்கை வரை வழுக்கி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தையல்காரம்மாவைக் கையோடு பக்கத்து மருந்துக்கடை மெஷினில் ஏற்றினாள். நாற்பத்துமூன்று.

ஓடிவந்து டாக்டரிடம் சொன்னாள். அவர் நோயாளியைப் பார்க்க எழுந்திருக்கவில்லை, அட்டையைத்தான் வாங்கிப் பார்த்தார்.

“ஒரே மாசத்துல பதினஞ்சு கிலோன்னா பார்க்கறவன் சிரிப்பான்மா. மாசத்துக்கு ரெண்டு ரெண்டாக் குறைச்சு, புதுசா ஒரு அட்டை எழுதிடு.”

எச்சிலைக் கூட்டி மேஜையிலேயே துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. இத்தனை காலம் இந்த ஆளுக்கா நாற்காலி துடைத்தோம் என்று உடம்பெல்லாம் கூசியது. அட்டையில் நாற்பத்துமூன்று என்று எழுதித் தேதி போட்டாள். அதே எடையை ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்து, இருவரையும் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டாக்டர் கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் புருஷன்காரர் போன் செய்தார்.

“அம்மா, வயித்துல கட்டியாம். எடை எப்பலேர்ந்து குறையுதுன்னு பெரிய டாக்டர் கேக்கறார். அது தெரிஞ்சாத்தான் வியாதி எவ்வளவு வேகமாப் பரவுதுன்னு பார்க்க முடியுமாம். எங்களுக்கு நினைவில்ல. நீங்கதான் மாசாமாசம் எழுதுவீங்களே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

அவள் அட்டையை எடுத்தாள். முதல் ஐம்பத்தெட்டு மட்டும் மெஷின் காட்டியது. அதற்குக் கீழே எட்டு ஐம்பத்தெட்டுகள், எல்லாம் அவளுடைய குண்டுக் கையெழுத்து. காலியாக விட்டிருந்தால், நிறுத்துப் பார்க்கவில்லை என்றாவது யாருக்காவது உறைத்திருக்கும். ஏதோ ஒரு மாதத்தைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“அது எதுவும் நிஜமில்லைங்க. நிறுத்துப் பார்க்காமலேயே நான் எழுதினது.”

 புருஷன்காரர் மெதுவாகக் கேட்டார்.

“இத்தனை மாசமா உங்ககிட்டதானேம்மா வந்துட்டிருந்தோம்?”

“ஆமாங்க” என்றாள். “வந்தீங்க.”