பத்து நிமிடப் புழுதி

போன மார்ச்சில் ஒரு நாள், ஜெர்மனியில் நான் இருக்கும் டிரெஸ்டனுக்கு மஞ்சளாக விடிந்தது. சஹாராவிலிருந்து கிளம்பிய புழுதி கடல் தாண்டி வந்திருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் மூன்றாம் மாடி பால்கனிக் கம்பியில் இரண்டு சோலார் பேனல் தொங்குகிறது. இந்த ஊரில் இப்போது அது ஒரு பழக்கம். முன்பு பூந்தொட்டி தொங்கிய இடத்திலெல்லாம் பேனல். என்னுடையதன் மேல் யாரோ மிளகாய்ப் பொடி சலித்த மாதிரி இருந்தது. புழுதி படிந்த பேனலைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். செங்குழம்பு வழிந்து, இரண்டாம் மாடி அம்மாள் ஃப்ராவ் லேமான் காயப்போட்டிருந்த வெள்ளை மேசை விரிப்பில் போய் விழுந்தது.

விரிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் மேலே வந்தார். எழுபது வயது. படியேறுவதில் என்னைவிட வேகம்.

"இது என்ன?" என்றார்.

"சஹாரா" என்றேன். வேறு என்ன சொல்ல?

விரிப்பை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "அப்படியானால் அது வந்த வழியே போகட்டும்" என்று என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனார்.

குளியல் தொட்டியில் அதை அலசும்போதுதான் அந்த வாசனை வந்தது. நம் ஊரில் முதல் மழைக்கு எழும்புமே, அந்த வாசனை இல்லை. கொஞ்சம் சுண்ணாம்பும் கொஞ்சம் துருவும் கலந்த மாதிரி, தொண்டையில் வந்து உட்காரும் வாசனை. நான் அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். என் முதல் வேலையின் வாசனை அது.

ராஜஸ்தானில் தார் பாலைவனத்து ஓரமாக ஒரு சின்ன ஊர். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ரயில் நிற்கும், இறங்குவது நாலு பேர், அதில் ஒன்று ஆடாக இருக்கும். ஊருக்கு வெளியே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பேனல்கள். பாளையங்கோட்டையில் அம்மா எல்லாரிடமும் "பொண்ணு சோலார் இன்ஜினியர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் என் வேலை புழுதியை எடை போடுவது. பேனல் மேல் தினம் எவ்வளவு படிகிறது, அதனால் மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எழுத வேண்டும். இன்றைக்கு டிரெஸ்டன் ஆய்வகத்தில் புழுதி ஒட்டாத பூச்சு ஒன்றைச் செய்ய ஐந்து வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன் என்றால், அதற்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

பாலைவனம் என்றால் வெயில்தானே என்று நான் ஜனவரியில் நாலு பருத்திச் சுடிதாரோடு போய் இறங்கினேன். மறுநாள் காலை வாளித் தண்ணீரில் கை வைத்ததும் கத்திவிட்டேன். கன்ட்ரோல் ரூமில் என்னோடு வேலை பார்த்த அந்தோணி தூத்துக்குடிப் பையன்; எனக்கு இரண்டு வருடம் இளையவன், அனுபவத்தில் மூன்று வருடம் மூத்தவன். குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிய என்னைப் பார்த்தான்.

"யக்கா, இங்க குளிருக்குத் தனியாப் பொட்டி கட்டணும்னு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. இங்கே ஜெர்மன் சக ஊழியர்கள், "இந்தியாவிலிருந்து வந்த உனக்கு எங்கள் குளிர் கஷ்டமாக இருக்குமே" என்று அனுதாபப்படும்போது, நான் குளிரைக் கற்றுக்கொண்டதே பாலைவனத்தில்தான் என்று சொல்வேன். நம்பமாட்டார்கள்.

ஏப்ரல் பாதியில் எல்லாம் தலைகீழாகிவிடும். மேற்கிலிருந்து ஓர் அனல் காற்று வீசும். ஜன்னலைத் திறந்தால் ரொட்டி அடுப்பைத் திறந்த மாதிரி. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஊரில் நாய்கூட எழுந்து நிற்காது. மே வந்தால் ஆந்தி. புழுதிப் புயலுக்கு அங்கே அதுதான் பெயர். என் இந்தி அப்போது பள்ளிக்கூடத் தேர்வு இந்தி. ஒரு நாள் பேனல் துடைக்கும் பெண்களில் ஒருத்தி, சுகனி, "மேடம்ஜி, ஆந்தி வருது!" என்று ஓடிவந்து கத்தினாள். யாரோ ஆன்டி ஒருத்தர் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார் என்று நினைத்து, தலையை வாரிக்கொண்டு, ஒரு நாற்காலியைத் துடைத்து வாசலில் போட்டேன். அந்த நாற்காலி பிறகு பேனல்களுக்கு நடுவில் எங்கேயோ கிடைத்தது.

சுகனிக்கு என் வயதுதான் இருக்கும். பன்னிரண்டு பெண்கள் நீளக் கம்புத் துடைப்பத்தோடு வெயில் ஏறுமுன் மூன்று மணி நேரமும், வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு மணி நேரமும் பேனல் துடைப்பார்கள். சுகனி எப்போதும் மேற்கு வேலியோரக் கடைசி வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். அங்கேதான் போன் சிக்னல் கிடைக்கும். கல்யாணமான புதிது, புருஷன் ஜோத்பூரில் லாரி ஓட்டினான்.

அங்கே பேனல்கள் சூரியகாந்தி மாதிரி வெயிலைப் பார்த்துத் திரும்பும். காற்று பலமாக வந்தால் எல்லாவற்றையும் தட்டையாகப் படுக்க வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கிப் பிய்த்துக்கொள்ளும். படுக்க வைத்தால் மின்சாரம் குறையும். அதற்காகத்தான் ஜெய்ப்பூரில் ஒரு மேனேஜர் உட்கார்ந்து நாள் பூராவும் எங்கள் கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதத்தில் ஒரு நாள் மேற்கு வானம் பழுப்பாகத் திரண்டது. நான் பதறிப்போய் எல்லாப் பேனலையும் படுக்க வைத்து, பெண்களையும் உள்ளே கூப்பிட்டுவிட்டேன். புயல் எங்களைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. சாயங்காலம் மேனேஜர் போனில் வந்தார்.

"மேடம், உங்க ஊர்ல கடல் இருக்கு, அடிக்கடி புயல் வரும். இங்கேயும் அப்படியே நினைச்சுட்டீங்களோ?"

பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது. எனக்குக் காது சூடேறிவிட்டது. இனிமேல் அவரைக் கேட்காமல் எதையும் தொடுவதில்லை என்று வைராக்கியம் கொண்டேன். அந்த வயதில் வைராக்கியத்துக்கா பஞ்சம்?

ஒரு வாரம் கழித்து, மாலை ஐந்தரை மணி. பெண்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, மேற்க பாருங்க. இது நிசம்" என்றான் அந்தோணி.

அடிவானத்தில் ஒரு சுவர் எழும்பியிருந்தது. கீழே கருப்பு, மேலே செம்பு நிறம். ஆனால் எங்கள் காற்றுமானியில் முள் அசையவில்லை. நான் ஜெய்ப்பூருக்குப் போன் போட்டேன். "பத்து நிமிஷம் பாருங்க. போன தடவை மாதிரி ஆகிடப்போகுது" என்றார் மேனேஜர். அந்தோணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பெண்களையாவது கூப்பிட்டிருக்கலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். கூப்பிட்டுப் புயல் வராவிட்டால் அதற்கும் சிரிப்பார்களே என்று ஒரு பயம். அவ்வளவுதான் காரணம். அலங்கரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாவது நிமிடம் காற்றுமானி ஒரேயடியாகத் துள்ளியது. நான் பொத்தானை அமுக்கினேன். பேனல்கள் படுக்க ஆரம்பிக்கும்போதே வெளிச்சம் போய்விட்டது. பெண்கள் முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு, கன்ட்ரோல் ரூமை ஒட்டிய இன்வெர்ட்டர் அறைக்குள் ஓடிவந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

அந்தோணியும் நானும் ஜீப்பில் கடைசி வரிசைக்குக் கிளம்பினோம். முன்விளக்குக்கு முன்னால் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தோணி ஹார்னை அடித்துக்கொண்டே வரிசை ஓரமாக உருட்டினான். வாய் முழுக்க மண். நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

"இறங்காதீங்கக்கா! அப்புறம் ரெண்டு பேரைத் தேடணும்."

கொஞ்ச தூரம் போனதும் அவன் ஹார்னை நிறுத்தினான். காற்றுக்குள்ளிருந்து டங், டங் என்று ஒரு சத்தம். இரும்புத் தூணில் இரும்பு அடிக்கும் சத்தம். அதைப் பிடித்துக்கொண்டு போனோம். சுகனி ஒரு தூணோடு ஒட்டி உட்கார்ந்து, ஒரு கையால் துடைப்பக் கம்பைத் தூணில் அடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை தொங்கியது. முழுசாகப் படுக்காத பேனல் ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து தோளில் மோதியிருக்கிறது. காறை எலும்பு முறிவு என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இன்வெர்ட்டர் அறையில் அவளைச் சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"மேடம்ஜி, அன்னைக்கு வராத ஆந்திக்குக் கூப்பிட்டீங்க. இன்னைக்கு வந்த ஆந்திக்கு ஏன் கூப்பிடல?"

நான் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வலி அவளுக்கு, அழுகை எனக்கு. மற்ற பெண்கள் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் எனக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். வெளியே மழை நாலைந்து பெரிய துளியாக விழுந்து நின்றது. அப்போதுதான் எழும்பியது அந்த வாசனை.

மறுநாள் அறிக்கை எழுதினேன். ஜெய்ப்பூர் சொன்ன பத்து நிமிடத்தையும் எழுதினேன், பெண்களைக் கூப்பிடாதது என் தப்பு என்பதையும் எழுதினேன். வேலை போய்விடும் என்று பெட்டியைக்கூட அடுக்கிவிட்டேன். போகவில்லை. மேனேஜர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை; அது தண்டனையா பரிசா என்று எனக்கும் அந்தோணிக்கும் பெரிய விவாதம். சுகனியின் வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. என் மேசைமேல் ஒரு சைரன் பட்டன் வந்தது. யாரையும் கேட்காமல் அமுக்கலாம்.

அமுக்கினேன். காக்கை கூட்டமாகப் பறந்தால்கூட அமுக்கினேன். பாதிக்கு மேல் வீண். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு பேரும் ஓடிவருவார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், டீ போடச் சொல்வார்கள். அதற்கு "மேடம்ஜியின் டீ சைரன்" என்று பெயர் வைத்ததே சுகனிதான். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பியவள் கடைசி வரிசையையே மறுபடியும் கேட்டு வாங்கினாள். அந்த வருடக் கடைசியில் எனக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. இன்டர்வியூவில் புரொபசர், "புழுதியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டபோது என்னென்னவோ சமன்பாடு சொன்னேன். சுகனியைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

மேசை விரிப்பு வெளுத்ததா என்று கேட்பீர்கள். முக்கால்வாசி. அன்று மதியமே அந்தோணிக்குப் போன் போட்டேன். அவன் அங்கேயேதான் இருக்கிறான். இப்போது பொறுப்பு அதிகாரி.

"ஆந்தியா? அதெல்லாம் போச்சுக்கா. இப்ப மே மாசமே மழை வந்துருது. பேனலுக்கு நடுவுல முழங்கால் உசரத்துக்குப் புல்லு. நம்ம ஆளுக புல்லு வெட்டத்தான் சரியா இருக்கு. கொசு வேற. ராத்திரி வேர்த்து ஊத்துது, நம்ம தூத்துக்குடி கணக்கா."

பாலைவனத்தில் புல்லா என்று நான் சிரித்தேன். நல்லதுதானே என்றும் சொன்னேன். யாருக்கும் தோள் உடையப்போவதில்லை.

பிறகு அவன் போனை சுகனியிடம் கொடுத்தான். அவள் மகளுக்கு நாலு வயதாகிறது. குழந்தை பக்கத்தில் நின்று அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. என்ன கேட்கிறாள் என்றேன்.

"ஆந்தின்னா என்னன்னு கேக்கறா மேடம்ஜி" என்றாள் சுகனி. "பகல்லயே இருட்டாகும்னு சொன்னேன். பொய் சொல்றேனாம்."